கூப்பன் அரிசியும் குடியுரிமையும்: பெரும்பான்மை மாறாத இடத்தில் ஜனநாயகம்

கேள்வி

1953 ஜூலையில் இலங்கை அரசு கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12 அன்று இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் நடந்த ஹர்த்தாலில் கொழும்பும் தென்மேற்குக் கரையோரமும் நிலைகுலைந்தன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் கூட வேண்டியிருந்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலை இறங்கியது. அடுத்த பொதுத் தேர்தலில், 1956இல், ஆளும் ஐக்கிய தேசியக் கட்சி 54 இடங்களிலிருந்து 8 இடங்களுக்குச் சரிந்தது. ஜனநாயகத்தின் ஆதரவாளர்கள் அதன் முதன்மையான பலமாகச் சொல்வது இதைத்தான்: ஆட்சியாளர் பிழை செய்தால், பாதிக்கப்பட்டவர்கள் அவரைத் திருத்தவும் அகற்றவும் முடியும்.

இதற்கு ஐந்தாண்டுகள் முன்பு அதே கட்சியின் அரசு வேறொரு முடிவை எடுத்திருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் தந்தையோ தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தவர்களால் அதைக் காட்ட முடியவில்லை. 1946 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 7,80,000 பேர், அதாவது மக்கள்தொகையில் 11 விழுக்காட்டுக்கும் மேலானவர்களான மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, அதுவரை அவர்களுக்கிருந்த வாக்கும் பறிபோனது. எந்த அமைச்சரும் இதற்காகப் பதவி இழக்கவில்லை. 1952 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி முன்னிலும் அதிக இடங்களுடன் திரும்பி வந்தது. இந்தப் பிழையைத் துடைக்கும் முயற்சி 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நிறைவுக்கு வந்தது. அரிசிப் பிழை மூன்று மாதங்களில் ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பியது. குடியுரிமைப் பிழை 55 ஆண்டுகள் நீடித்தது. ஒரே நாடு, ஒரே நாடாளுமன்றம், ஒரே தேர்தல் முறை. இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் வேலை. ஜனநாயகத்தின் பலங்களை ஒரு பக்கமும் பலவீனங்களை மறுபக்கமுமாக எழுதிக் கூட்டிக் கழிக்கும் வழக்கமான முறை இங்கே உதவாது என்பது என் வாதம். அரிசி விலையை இறக்கிய அதே இயக்கம்தான் குடியுரிமைப் பறிப்புக்குப் பரிசும் கொடுத்தது.

இதுவரையான விளக்கங்கள்

தேர்தல் ஜனநாயகத்தை அதன் விளைவுகளால் மதிப்பிடும் மரபில் இரு பெயர்கள் முக்கியமானவை. இரத்தம் சிந்தாமல் ஆட்சியாளரை அகற்ற வழியிருக்கிறதா என்பதே அரசமைப்பின் தலையாய கேள்வி என்றார் கார்ல் பொப்பர். அமர்த்தியா சென் அதையே பசியின் தளத்துக்குக் கொண்டுவந்தார். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகைகளும் இயங்கும் நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்பது அவரது புகழ்பெற்ற முடிவு. 1943 வங்கப் பஞ்சத்தோடு காலனிய இந்தியாவின் பஞ்ச வரலாறு முடிந்ததும், 1958 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கானோர் மடிந்தபோது அரசின் கொள்கையைக் கேள்வி கேட்க எவரும் இல்லாதிருந்ததும் அவர் காட்டும் சான்றுகள். மறுபக்கம் டோக்வில், மில் முதலியோர் 19ஆம் நூற்றாண்டிலேயே பெரும்பான்மையின் கொடுங்கோன்மை குறித்து எச்சரித்தனர். ஆனால் அவர்கள் அஞ்சியது பெரும்பாலும் கற்றோர் மீதும் உடைமையாளர் மீதும் கல்லாதோர் செலுத்தக்கூடிய ஆதிக்கத்தை. நம் கேள்விக்கு அந்த அச்சம் அவ்வளவாகப் பொருந்தாது.

பொருந்துவது அம்பேத்கர் செய்த ஒரு வேறுபடுத்தல். 1945இல் பம்பாயில் பட்டியல் சாதிக் கூட்டமைப்பின் மாநாட்டில் ஆற்றிய உரையில் அவர் அரசியல் பெரும்பான்மையையும் வகுப்புப் பெரும்பான்மையையும் பிரித்துக் காட்டினார். முன்னது கருத்தால் உருவாவது. கலையும், மறுபடி கூடும். யாரும் அதில் சேரலாம். பின்னது பிறப்பால் அமைவது. அதன் கதவு வெளியிலிருப்பவருக்குத் திறக்காது. பெரும்பான்மை ஆட்சி என்ற கொள்கையின் நியாயம் முன்னதற்கு மட்டுமே உரியது, பின்னதற்கு அதை நீட்டுவது முறையல்ல என்பது அவர் நிலைப்பாடு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் டொனால்ட் ஹோரோவிட்ஸ் இனக்குழு மோதல்கள் பற்றிய தம் பெருநூலில், பிளவுண்ட சமூகங்களில் தேர்தல் ஒரு தலைக்கணக்கெடுப்பாகச் சுருங்கிவிடும் என்று காட்டியதும், நீல் டிவோட்டா இலங்கையின் மொழிக்கொள்கையை இனவாத ஏலப்போட்டியாக ஆராய்ந்ததும் அந்த வேறுபடுத்தலின் மீது கட்டப்பட்டவை என்றே கொள்ளலாம். அவர்களது ஆய்வுகள் ஜனநாயகம் எப்படிச் சீர்குலைந்தது என்பதை நன்றாக விளக்குகின்றன. அதே ஆண்டுகளில் அதே ஜனநாயகம் ஏன் சிலருக்கு அவ்வளவு நன்றாக வேலை செய்தது என்ற கேள்விக்கு அவற்றில் இடம் குறைவு. அதையும் சேர்த்துப் பார்க்காமல் கணக்கு நேராகாது.

வாக்கு கொடுத்தது என்ன

டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931இல் இலங்கையில் 21 வயதான ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. பிரித்தானியாவிலேயே பெண்கள் ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பெற்று மூன்றாண்டுகள்தான் ஆகியிருந்தன. உள்ளூர்த் தலைவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்கவில்லை. இலங்கைத் தேசிய காங்கிரஸின் பிரமுகர்கள் சொத்தும் வருமானமும் சார்ந்த வரம்புகளையே விரும்பினர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வஜன வாக்குரிமையை வெளிப்படையாகவே எதிர்த்தார். கேட்டவர்கள் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் இயக்கமும் பெண்கள் வாக்குரிமைச் சங்கமும். தோட்டத் தொழிலாளத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்கள்தாமே என்று ஆக்னஸ் டி சில்வா மறுமொழி சொன்னதை இந்த வரலாற்றில் மறக்கக் கூடாது. பிற்காலத்தில் எந்தப் பெரிய கட்சியிடமும் காணக் கிடைக்காத தெளிவு அது. 1932இல் வடகொழும்புத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வாக்குப் பரவியதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. கிராமத்து வாக்காளரிடம் கைகூப்பி நிற்க வேண்டியவர்களானதும், நிலவுடைமையாளர்களான அரசியல்வாதிகளே பள்ளிக்கூடம், மருத்துவமனை, பாசனக் குளம் பற்றிப் பேசத் தொடங்கினர். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. இலவச மருத்துவமும் மலிவு விலை அரிசியும் சேர்ந்தன. 1940களின் நடுவில் ஆயிரம் பிறப்புக்கு 140 என்ற அளவில் இருந்த சிசு மரணம் 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 50க்கு இறங்கியது. இந்த வருமானத்தில் இவ்வளவு நீண்ட ஆயுளும் எழுத்தறிவும் கொண்ட நாடு என்று உலகப் பொருளியலாளர்கள் இலங்கையை எடுத்துக்காட்டினர். மலேரியா ஒழிப்பு போன்ற காரணங்களும் இதில் உண்டு. ஆயினும் எந்தக் கட்சி வந்தாலும் கைவைக்க அஞ்சிய நலத்திட்டங்கள் இவை என்பதற்கு 1953ஐவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழர் சமூகத்துக்குள்ளும் வாக்கு வேலை செய்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குக் கோயிலும் கிணறும் தேநீர்க்கடையும் மறுக்கப்பட்ட காலத்தில், 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தை இயற்றியது கொழும்பு நாடாளுமன்றம். அச்சட்டம் உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 1968இலும் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் இராமநாதன் விரும்பிய வரம்புள்ள வாக்குரிமை நீடித்திருந்தால் அந்தச் சட்டத்துக்குக்கூட இடம் இருந்திருக்காது. சர்வஜன வாக்குரிமையே தமிழரின் வீழ்ச்சிக்குத் தொடக்கம் என்று சொல்லும் ஒரு பழமைவாதத் தமிழ்ப் பார்வை இன்றும் உலவுகிறது. அது யாருடைய வீழ்ச்சி, யாருடைய எழுச்சி என்று கேட்டால் அந்தப் பார்வையிடம் விடை இருக்காது.

வாக்கிழந்தவர்களின் பட்டினி

வாக்கின் ஆற்றலை உறுதியாக நிறுவும் சான்று அது இல்லாத இடத்திலிருந்தே கிடைக்கிறது. மலையகத் தமிழர் 1947 தேர்தலில் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தன் வேட்பாளர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அண்டைத் தொகுதிகள் பலவற்றில் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. டி. எஸ். சேனநாயக்கவின் அரசு குடியுரிமையைச் சுருக்கியதில் இனக்காழ்ப்போடு இந்தத் தேர்தல் கணக்கும் கலந்திருந்தது. வாக்காளர் அரசைத் தெரிவு செய்யும் முறையில், அரசு தன் வாக்காளரைத் தெரிவு செய்துகொண்டது. இன்னொரு கொடுமையும் சேர்ந்தது. தொகுதி எல்லைகள் 1946இல் மொத்த மக்கள்தொகையை வைத்து வரையப்பட்டவை. வாக்கு போன பின்னும் 1952, 1956 தேர்தல்கள் அதே எல்லைகளில் நடந்ததால், தோட்டத் தொழிலாளரின் தலைகள் தொகுதிகளின் எண்ணிக்கையில் கணக்கில் இருந்தன. அந்தத் தொகுதிகளின் பலனைக் கண்டியச் சிங்கள வாக்காளர் பெற்றனர். 1952 நாடாளுமன்றத்தில் மலையகத் தமிழர் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. 1949இன் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தும், குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

அதன்பின் நடந்தவற்றை வரிசைப்படுத்தினால் வாக்கின்மையின் விலை தெரியும். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு. அந்த மீதியும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை; கேட்டாக வேண்டிய அரசியல் தேவை எந்தத் தலைநகருக்கும் இருக்கவில்லை. இலவசக் கல்வியின் நாட்டில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். 1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போது நாடெங்கும் இறப்பு விகிதம் கூடியது. தோட்டங்களில் அது கூடிய அளவு மற்ற பகுதிகளைவிட மிக அதிகம். கால் கொத்து அரிசியும் மாவும் தேடி லயங்களை விட்டு வெளியேறியவர்கள் நகர வீதிகளில் கிடந்தனர். ஹர்த்தால் நடந்து இருபதாண்டுகள் ஆகியிருந்தன. தேர்தலும் எதிர்க்கட்சியும் பத்திரிகையும் இருந்த நாடு. சென்னின் முடிவு பொய்யாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அதில் உள்ளடங்கியிருந்த நிபந்தனை இங்கே வெளிப்பட்டது: பசித்தவர் வாக்காளராகவும் இருக்க வேண்டும்.

ஏலம்

வாக்கு இல்லாதவர்களின் நிலை அது. வாக்கிருந்த வடகிழக்குத் தமிழரின் நிலை ஏன் வேறாகவில்லை என்பது கடினமான கேள்வி. அவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களித்தனர். தாம் விரும்பிய கட்சியை, 1956 முதல் பெரும்பாலும் தமிழரசுக் கட்சியை, நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

மொழிப் பிரச்சினையை முதலில் அதன் நியாயத்தோடு பார்க்க வேண்டும். சுதந்திரத்தின்போது அரசாங்கம் ஆங்கிலத்தில் நடந்தது; மக்களில் பத்தில் ஒருவருக்குக்கூட ஆங்கிலம் தெரியாது. சிங்களக் கிராமத்து ஆசிரியரும் ஆயுர்வேத வைத்தியரும் தம் நாட்டின் அலுவலகங்களில் அந்நியராக நின்றனர். அரசு மக்களின் மொழிக்கு மாற வேண்டும் என்ற கோரிக்கை முழுக்க ஜனநாயகக் கோரிக்கை. 1940களில் அது இரு மொழிகளுக்காகவே எழுப்பப்பட்டது. 1951இல் தொடங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் முதலில் இரு மொழிகளையே ஏற்றிருந்தது. 1954இல் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை யாழ்ப்பாணத்தில் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து தருவதாகச் சொன்னது தெற்கில் கொந்தளிப்பை உண்டாக்கியது. 1955 முடிவதற்குள் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் கட்சி தனிச் சிங்களத்துக்கு மாறியது. 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் ஐக்கிய தேசியக் கட்சியும் மாறியது. இரண்டாவது மாறியவரை வாக்காளர் நம்பவில்லை. ஏப்ரல் தேர்தலில் பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைந்த வாக்குகளோடு 95இல் 51 இடங்களை வென்றது. ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. காலிமுகத்திடலில் அதற்கெதிராக அறவழியில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர்.

இதைப் பண்டாரநாயக்க என்ற தனிமனிதரின் சந்தர்ப்பவாதம் என்று முடித்துவிடலாம். அப்படி எழுதியவர்கள் உண்டு. ஆனால் அடுத்த பத்தாண்டுகள் அந்த விளக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. 1957 ஜூலையில் பண்டாரநாயக்கவே தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தோடு பிராந்திய சபைகளுக்கான ஒப்பந்தம் செய்தார். எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து ஜே. ஆர். ஜெயவர்தன கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் அமர்ந்த பின், 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மறுமாதமே இனக்கலவரம். 1965இல் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தபோது, எதிர்ப்பது சுதந்திரக் கட்சியின் முறையாயிற்று. அந்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. 1968இல் தமிழரசுக் கட்சி அரசிலிருந்து வெளியேறியது. இதைவிட வருத்தம் தருவது லங்கா சமசமாஜக் கட்சியின் பாதை. 1956இல் நாடாளுமன்றத்தில் இரு மொழிக்காக உறுதியோடு வாதாடிய அக்கட்சி, சுதந்திரக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்தபின், 1966 ஜனவரியில் தமிழ்மொழிப் பயன்பாட்டு விதிகளை எதிர்த்த அணியில் நின்றது. ஆளும்போது இணக்கம், எதிரில் அமர்ந்தால் முட்டுக்கட்டை என்ற இந்த ஒழுங்கு மூன்று கட்சிகளிலும் காணப்படுகிறது. மனிதர்களின் குணத்தைவிட அவர்கள் நின்ற இடமே இதைத் தீர்மானித்தது. மக்கள்தொகையில் சிங்களவர் ஏறத்தாழ 70 விழுக்காடு. இரு பெரிய கட்சிகளும் அவர்களிடமே போட்டியிட்டன. தமிழருக்கு விட்டுக்கொடுப்பவர் இழக்கும் வாக்குகளைத் தமிழர் வாக்கால் ஈடுசெய்ய வழியில்லை. போட்டி, ஆட்சி மாற்றம், விழிப்பான எதிர்க்கட்சி ஆகிய மூன்றையும் ஜனநாயகத்தின் பலம் என்கிறோம். அரிசியில் மூன்றும் நன்மை செய்தன. மொழியில் அதே மூன்றும், எந்தச் சமரசமும் நிலைக்காமல் பார்த்துக்கொண்டன.

காப்புகளின் கதி

இந்த ஆபத்தை அரசியலமைப்பு அறியாமலில்லை. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு இனத்தையோ மதத்தையோ சேர்ந்தோருக்கு மற்றவர்க்கில்லாத தகுதிக்குறைவை ஏற்படுத்தும் சட்டம் செல்லாது என்றது. சம பலப் பிரதிநிதித்துவம் கேட்டு ஜி. ஜி. பொன்னம்பலம் முன்வைத்த ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கைக்குப் பதிலாகக் கிடைத்தது இந்தக் காகிதக் காப்பு. குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான வழக்கில் 1953இல் லண்டனிலிருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகம், தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்பதால் 29ஆம் பிரிவு மீறப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து அரசு எழுத்தரான கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு இன்னும் பாடம் தருவது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. உச்ச நீதிமன்றம், சம்பளத்துக்காக அரசு ஊழியர் அரசின்மீது வழக்குத் தொடர முடியாது என்ற வேறொரு காரணத்தால் அதைத் தள்ளியது. 1969இல் கோமறைக் கழகம் அந்தக் காரணத்தை நிராகரித்து, அரசியலமைப்புக் கேள்வியை ஆராயும்படி வழக்கைத் திருப்பியனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரவேயில்லை. 1971இல் கோமறைக் கழக மேல்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவே இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு அரசமைப்புத் தகுதியும் வந்தன. அதை வரைந்த அமைச்சர், 1956இல் ஒரு மொழி இரு நாடுகளுக்கு வழிவிடும் என்று எச்சரித்த அதே கொல்வின் ஆர். டி சில்வா.

தொகுதி முறை இந்தப் பெரும்பான்மைகளைப் பெருக்கியும் கொடுத்தது. 1970இல் பாதிக்கும் குறைவான வாக்குகளோடு சுதந்திரக் கட்சி தலைமையிலான ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான இடங்களைப் பெற்றது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 50.9 விழுக்காடு வாக்குக்கு 168இல் 140 இடங்களைப் பெற்றது; 29 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்கள். 18 இடங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். சம்பிரதாயத்தில் உயர்ந்த பதவி. ஒரு சட்டத்தைக்கூடத் தடுக்க உதவாத பதவி. சிறுபான்மைக்கெதிராகக் காப்புகளை உடைத்துப் பழகிய கைகள் பின்னர் பெரும்பான்மையின் உரிமைகளையும் விடவில்லை. 1972 யாப்பு நாடாளுமன்றத்தின் ஆயுளை 1977 வரை நீட்டியது. 1982 டிசம்பரில் ஜெயவர்தன அரசு பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, 54.66 விழுக்காட்டு ஆதரவோடு, 1977இன் நாடாளுமன்றத்தையே மேலும் ஆறாண்டு வைத்துக்கொண்டது. 1983 ஜூலைப் படுகொலைகளுக்கு அடுத்த மாதம் வந்த ஆறாம் திருத்தம் பிரிவினைக்கெதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. கூட்டணி உறுப்பினர்கள் இடமிழந்தனர். வடகிழக்கின் பெரும்பகுதிக்கு அதன்பின் அந்த நாடாளுமன்றத்தில் குரலே இல்லை.

மறுப்புகள்

முதல் மறுப்பு: இது சிங்களத் தேசியவாதத்தின் குற்றம், ஜனநாயகத்தின் குற்றமல்ல. சர்வஜன வாக்குரிமைக்கு முன்பே, 1915இல், முஸ்லிம்களுக்கெதிரான கலவரம் நடந்திருக்கிறதே என்று கேட்கலாம். சரிதான், வெறுப்பைத் தேர்தல் உண்டாக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்புக்குத் தேர்தலுக்குத் தேர்தல் பலன் கிடைக்கச் செய்தது எது என்பதே இங்கே கேள்வி. அதே சிங்கள வாக்காளர்களே அரிசிக்காகத் தம் சொந்த இனத்து அரசைக் கவிழ்த்தவர்கள். 1970இல் ஒரு கட்சியையும் 1977இல் மற்றொன்றையும் பொருளாதாரக் காரணங்களுக்காகத் தண்டித்தவர்கள். அவர்களிடம் வேறு அக்கறைகளும் இருந்தன. கட்சிகள் தமக்குள் எளிதில் வேறுபட முடியாத விஷயத்தில்தான் ஏலம் உச்சத்துக்குப் போனது.

இரண்டாவது மறுப்பு சிங்கப்பூரிலிருந்து வருவது. இலங்கையின் சீரழிவுக்கு ஒருவருக்கொரு வாக்கு என்ற முறை விடையாகவில்லை என்று லீ குவான் யூ தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். வலுவான கை இருந்திருந்தால் என்ற ஏக்கம் தமிழ் வாசகர்களிடமும் உண்டு. பொருத்தமான ஒப்பீடு சிங்கப்பூர் அல்ல, பர்மா. அதுவும் 1948இல் பிரித்தானியரிடமிருந்து விடுபட்ட, பௌத்தப் பெரும்பான்மையும் பல தேசிய இனங்களும் இந்தியக் குடியேறிகளும் கொண்ட நாடு. 1962இல் நே வின் இராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார். கடைகளும் தொழில்களும் தேசியமயமாகி, லட்சக்கணக்கான இந்தியர் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜார் அவர்களுக்காக எழுந்தது. 1982இன் குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியாக்களை நாடற்றவராக்கியது. அது இன்றளவும் திருத்தப்படவில்லை. இலங்கையில் 55 ஆண்டு தாமதமானாலும் திருத்தம் வந்தது. அது வந்த வழியும் கவனிக்கத்தக்கது. குடியுரிமை பெற்ற மலையகத் தமிழரின் எண்ணிக்கை ஒப்பந்தங்களால் மெல்லக் கூடியது; 1978இன் யாப்பு கொண்டுவந்த விகிதாசார முறையும் நேரடி ஜனாதிபதித் தேர்தலும் அவர்கள் வாக்குக்கு நாடளாவிய விலையை ஏற்படுத்தின; தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அந்த விலையை வைத்து இரு பெரிய கட்சிகளோடும் பேரம் பேசியது. வாக்கு மீண்டதும் திருத்தமும் மீண்டது.

மூன்றாவது மறுப்பு தமிழர் தரப்பை நோக்கியது. 1948இல் பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதை ஏற்க மறுத்த செல்வநாயகம் அவர் கட்சியிலிருந்து விலகி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையகத்துக்காக வடக்கு முழுதாக எழுந்துவிடவில்லை என்பது உண்மை. பின்னாளில் ஏலப்போட்டி தமிழ்ப் பக்கத்திலும் நடந்தது. கூட்டாட்சியிலிருந்து 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் தனிநாட்டுக்குப் போன பாதையில், மிதமாகப் பேசுபவர் துரோகியாக்கப்பட்டார். பேச்சு துப்பாக்கிக்கு இடம் விட்டபோது விளைவு இன்னும் மோசமானது. 1989இல் அமிர்தலிங்கத்தையும் 1999இல் நீலன் திருச்செல்வத்தையும் விடுதலைப் புலிகள் கொன்றனர். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டவர்களுக்கு முறையிட ஒரு தேர்தல்கூட இல்லை. பெரும்பான்மை ஆட்சியின் அநீதிக்கு மாற்றாக எழுந்த ஆயுத ஆட்சி, தன் எல்லைக்குள் சிறுபான்மையாயிருந்தவர்களிடம் அதைவிடக் கடுமையாகவே நடந்துகொண்டது. தமிழ் அறிவுலகம் இதைச் சொல்லத் தயங்கிய ஆண்டுகள் அதிகம்.

இந்தியாவோடு ஓர் ஒப்பீடு

இன்னும் ஒரு மறுப்பு மீதமிருக்கிறது: மொழியால் பிளவுண்ட எல்லா ஜனநாயகங்களும் இப்படியா ஆயின? இந்தியா ஆகவில்லை. 1963இல் பதினாறாம் திருத்தம் பிரிவினைப் பிரச்சாரத்தைத் தடை செய்தது. 1983இல் இலங்கையின் ஆறாம் திருத்தம் செய்ததும் ஏறத்தாழ அதையே. முன்னதன் பின் திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. பின்னதன் பின் போர் வந்தது. சட்டம் ஒன்று போலிருக்க, சூழல் வேறாயிருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர், 1967இல் தி.மு.க. ஒரு மாநிலத்தையே வென்றது. அவ்வாண்டு இறுதியில் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலம் தொடர்வதற்கு உறுதி கிடைத்தது. இந்தி பேசுவோர் நாட்டில் பாதிக்கும் குறைவு. டில்லியில் ஆள்வதற்குத் தெற்கும் கிழக்கும் தேவைப்பட்டன. தோற்றவர் வெல்வதற்கு மாநிலம் என்ற இன்னொரு களமும் இருந்தது. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு அப்படி வெல்ல எதுவும் இல்லை: 168இல் 18 இடங்கள், அதற்குக் கீழே அதிகாரமுள்ள எந்த மன்றமும் இல்லை.

இந்த வாதத்தை இந்தியாவின் புகழ்ச்சியாக வாசிக்கக் கூடாது. 1953இல் காஷ்மீரின் ஷேக் அப்துல்லாவைப் பதவி நீக்கிச் சிறையிட்டதும் இதே ஜனநாயகம். மொழியால் சிதறிய நாட்டில் மதத்தால் ஒரு நிலையான பெரும்பான்மையைக் கட்ட முடியும் என்பது கடந்த சில பத்தாண்டுகளின் அரசியல் காட்டும் செய்தி. மாறும் பெரும்பான்மை இயற்கையின் கொடை என்று இந்தியர் நம்பியிருந்தால், இலங்கையின் 1955ஆம் ஆண்டை அவர்கள் மறுபடி படிக்க வேண்டும். அதுவரை இரு மொழி பேசிய கட்சி, சில மாதங்களில் ஒரு மொழிக் கட்சியானது.

இன்றைய நிலை

விகிதாசார முறை மலையகத்துக்குச் செய்ததை வடகிழக்குக்கு அரைகுறையாகத்தான் செய்தது. 2015 ஜனாதிபதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேனவின் 51.28 விழுக்காட்டில் தமிழ், முஸ்லிம் வாக்குகள் முடிவைத் தீர்மானித்தன. 2019இல் கோட்டாபய ராஜபக்ச ஏறத்தாழ முழுதும் சிங்கள வாக்குகளால் 52.25 விழுக்காடு பெற்று, அதைப் பதவியேற்பு உரையிலும் குறிப்பிட்டார். 1956இன் கணக்கு இன்னும் செல்லும் என்பதற்கு அது சான்று. ஆனால் 2021இன் இரசாயன உரத் தடையும் 2022இன் திவாலும் அரிசியையும் எரிபொருளையும் மறுபடி மையத்துக்குக் கொண்டுவந்தன; 1953ஐப் போலவே தெரு எழுந்தது, ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார். பெரும்பான்மையின் வயிற்றைத் தொட்ட பிழை இம்முறையும் விரைவாகத் திருத்தப்பட்டது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் உண்டாக்கிய மாகாண சபைகளின் கதி வேறு: வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது, அதன்பின் ஆண்டுகள் பல சென்றும் தேர்தல் நடத்தப்படவில்லை. இதற்காக எந்த அரசும் தெற்கில் ஒரு வாக்கையும் இழக்கவில்லை.

2024 நவம்பரில் புதிய ஒன்று நடந்தது. 225இல் 159 இடங்களை வென்ற தேசிய மக்கள் சக்தி, யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3ஐயும் பெற்றது. தெற்கில் வேரூன்றிய கட்சி ஒன்று தமிழ்க் கட்சிகளை அவற்றின் சொந்த நிலத்தில் முந்தியது. தமிழ்த் தேசியம் முடிந்துவிட்டது என்று சிலரும், இது ஒருமுறைச் சினம் என்று வேறு சிலரும் இதற்குப் பொருள் சொல்கின்றனர். இக்கட்டுரையின் அளவுகோலில் இரண்டும் அவசர முடிவுகள். மூன்றில் இரண்டுக்கு மேல் இடங்களைக் கையில் வைத்திருக்கும் கட்சிக்கு யாழ்ப்பாணத்தின் மூன்று இடங்கள் எண்ணிக்கையில் தேவையற்றவை. அடுத்த தேர்தலில் தென்னிலங்கை வாக்கு சிதறி, அந்த மூன்று இடங்கள் கொழும்பில் ஆட்சியமைக்க அவசியமாகும்போது, மாகாண சபையையும் காணியையும் மொழியையும் பற்றி அக்கட்சி என்ன செய்கிறது, எதிரில் அமர்ந்திருப்பவர் அதை ஏலத்துக்கு எடுக்கிறாரா என்பதில்தான் 1931இல் தொடங்கிய பரிசோதனையின் அடுத்த சான்று கிடைக்கும்.